பிரேக் குழாயில் காற்று

கதவை அப்படி இழுக்காதீங்க அண்ணே. முதல்ல லேசா மேலே தூக்கணும், அப்புறம் இழுக்கணும். ஆ, அதான். கார் கூரை அமுங்கினதில் கதவு இறங்கிப் போச்சு. உள்ளே உட்கார்ந்து பார்க்கணும்னா அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருங்க. ஓட்டுற சீட் வேண்டாம். அம்மா சமையல்கட்டு ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

கிள்ளானிலிருந்து பீடோர் வரைக்கும் இந்த வெயிலில் வந்திருக்கீங்க, பசியாறிட்டீங்களா? சரி. போனில் கேட்டீங்களே, என்னென்ன சாமான் தேறும்னு. எஞ்சின் தேறாது, பிளாக் வெடிச்சிருக்கு. இடது பக்க லைட் போச்சு. வலது லைட் நல்லா இருக்கு. பேட்டரி கொடுத்தா இப்பவும் உள்ளேயிருந்து மேலே எழும்பும். ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கும். மோதின இந்தக் காடியை இழுத்துட்டு வந்து இங்கே போட்ட அன்னிக்கு யாரோ சுவிட்சைத் தட்டினாங்க, அது எழும்புச்சு, நான் சிரிச்சுட்டேன். பெரியத்தை விட்டாங்க பாருங்க ஒரு அறை. "செத்த வீட்டுல என்னடா இளிப்பு, மூதேவி?" எப்படி இருக்கு? அப்படியே அவங்கதான். மூக்கை லேசா உறிஞ்சிக்கிட்டுச் சொல்லணும், அதுதான் சூட்சுமம்.

எனக்கு எல்லார் குரலும் வரும் அண்ணே. ரூபன்னு பேரைச் சொன்னா இந்தத் தாமான் குடியிருப்பில் நாய்கூடத் தள்ளி நிற்கும், ஏன்னா நாய்க் குரலும் வரும். திருவிழாவில் கோயில் தலைவர் குரலில் "அன்பர்களே, அன்னதானம் தயார், வரிசையாக வரவும்" என்று மைக்கில் சொன்னது நான்தான். அரிசி அப்பத்தான் உலையில் விழுந்திருக்கு. இருநூறு பேர் தட்டோடு நின்னாங்க. ஸ்கூலில் கட்டொழுங்கு ஆசிரியர் குரலில் நான் ஒரு அதட்டல் போட்டா நாலாம் பாரம் முழுக்க எழுந்து நிற்கும். அவரே ஒரு தடவை எழுந்து நின்னார்.

சரி, காடிக்கு வரேன். எண்பத்து நாலாம் வருஷத்து செலிக்கா. உங்களுக்கே தெரியும், நீங்களும் இதே வெறியில்தானே சுத்தறீங்க. எங்க அண்ணன் லிங்கேஸ் இதைப் பார்த்தப்போ இது ஒரு செம்பனைத் தோட்டத்தில் கோழிக்கூடா இருந்தது. நிஜமாத்தான். பின் சீட்டில் முட்டை. டேஷ்போர்டு மேலே ஒரு சேவல் உட்கார்ந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குது. அண்ணன் அதுகிட்டயே மரியாதையா, "கொஞ்சம் இறங்குறீங்களா?"ன்னு கேட்டான். அவன் அப்படித்தான். ஆறடி உயரம், பேச்சு அரையடி. கையுறை ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிற வேலை. சம்பளம், லீவு, சனி, ஞாயிறு எல்லாம் மூணு வருஷம் இந்தத் தகரத்துக்குள்ளதான் போச்சு.

எஞ்சின் ஈப்போவில் ஒரு ஹாஃப்-கட் கடையிலிருந்து வந்தது. ஜப்பானில் பழைய காடியைப் பாதியா அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏத்தி அனுப்புவானுங்களே, அது. அந்தக் கடை முதலாளி, அந்தத் தவுக்கே, பேசினதைக் கேட்டிருக்கணும் நீங்க. "தம்பி, இது எஞ்சின் டாப் லா! ஜப்பான்ல ஒரு டீச்சரம்மா ஓட்னது. சண்டே மட்டும். சர்ச்சுக்கு மட்டும்." நான் கேட்டேன், "தவுக்கே, அப்புறம் ஏன் இதுல ரேஸ் கிளட்ச் இருக்கு?" "அவங்க கொஞ்சம் லேட்டா எழுந்துப்பாங்க லா!"

சிரிங்க அண்ணே. பரவாயில்லை. இங்கே யாரும் சிரிக்கிறதே இல்லை. அதான் எனக்குப் பெரிய குறை.

எஞ்சினை உள்ளே இறக்கினது சவரி அங்கள். சவரிமுத்து. மெக்கானிக். போமன் சவரின்னு கேட்டா தாப்பா ஊர் வரைக்கும் தெரியும். தாமானுக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட பட்டறை. பழைய ஜப்பான் காடின்னா அவரிடம்தான் கொண்டு வருவாங்க. தனி ஆள். மனைவி போய் ரொம்ப நாளாச்சு, பிள்ளை கிடையாது. பேசினா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு "என்ன?" போடுவார். "இந்த நட்டு சரியில்ல, என்ன? வேற வாங்கிட்டு வா, என்ன?" காடிக்கு அடியில் படுத்துட்டார்னா குரல் முழுக்க மூக்கு வழியா வரும், கிணத்துக்குள்ளேயிருந்து பேசற மாதிரி.

அந்தக் குரல் எனக்கு வர்றதுக்கு ரெண்டு மாசம் பிடிச்சது. கஷ்டமான குரல்.

அவரிடமும் விளையாடியிருக்கேன். எஞ்சின் முதல் தடவை ஓடின அன்னிக்கு, நான் பின்னாடி நின்னுக்கிட்டு நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "டொக், டொக், டொக்"னு பேரிங் போன சத்தம் கொடுத்தேன். எஞ்சின் வேகம் ஏறினா நானும் ஏத்துவேன். அங்களுக்கு முகம் வெளுத்துப் போச்சு. ஆயில் சட்டியைக் கழற்றி, ஒவ்வொரு பேரிங்கா விரலால் தடவிப் பார்த்தார். ரெண்டு நாள் வேலை. கடைசியில் எஞ்சினே ஓடாதப்பவும் சத்தம் வந்ததும்தான் திரும்பிப் பார்த்தார். ரப்பர் குழாயை எடுத்துக்கிட்டுத் துரத்தினார் பாருங்க! அப்புறம் அவரே உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரிச்சார். "எமப்பயலே, என் ஆயுசுல ரெண்டு நாளைத் தின்னுட்ட, என்ன?" அவ்வளவு நல்ல மனுஷன்.

அதனால்தான் சொல்றேன், நடந்தது பெரிய விஷயமே இல்லை. தினம் நடக்கிறதுதான்.

எஞ்சின் பலம் கூடிப் போச்சு, பழைய பிரேக் தாங்காதுன்னு அங்கள் சொல்லிட்டார். இன்னொரு ஹாஃப்-கட்டிலிருந்து சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற பெரிய கேலிப்பர் நாலு எடுத்து மாட்டினாங்க. சனிக்கிழமை மத்தியானம். பிரேக் எண்ணெய் ஊத்தி, குழாயிலிருந்து காத்தை வெளியேத்தணும். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எங்க பட்டறையில் எப்படின்னு சொல்றேன். அண்ணன் ஓட்டுற சீட்டில், மிதி மேலே கால். அங்கள் சக்கரத்துக்கு அடியில், கையில் ஸ்பேனர். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. எல்லாம் குரல்தான். "அமுக்கு." அண்ணன் மிதிப்பான். "அமுக்கு." மிதிப்பான். "பிடி." மிதிச்சபடியே நிற்பான். அப்போ அங்கள் சின்ன திருகைத் திறப்பார், எண்ணெயும் காத்தும் புஸ்ஸுன்னு வெளியே வரும், மூடுவார். மூடின பிறகுதான், "விடு." அதுக்கு முன்னாடி காலை எடுத்தா வெளிக் காத்து உள்ளே போயிடும். நாலு சக்கரம். ஒவ்வொண்ணுக்கும் இருபது, முப்பது தடவை.

அமுக்கு, அமுக்கு, பிடி, விடு. அமுக்கு, அமுக்கு, பிடி, விடு. அண்ணே, ஒரு மணி நேரம் இதைக் கேட்டுக்கிட்டு ஒரு மனுஷன் சும்மா நிற்க முடியுமா? மழை வேற. தகரத்து மேலே மழை கொட்டுது. நான் அண்ணன் பக்கத்து ஜன்னல்கிட்ட நிற்கிறேன். அங்கள் பின்னாடி இடது சக்கரத்தில் இருக்கார். கடைசிச் சக்கரம். "பிடி"ன்னு குரல் வந்தது. அண்ணன் மிதிச்சு நிற்கிறான்.

நான் மூக்கு வழியா, கிணத்துக்குள்ளேயிருந்து சொன்னேன்: "விடு."

அண்ணன் விட்டான்.

அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை. அண்ணன் என் முகத்தைக்கூடப் பார்க்கலை, நேரா முன்னாடி பார்த்துக்கிட்டு அடுத்த "அமுக்கு"க்குக் காத்திருந்தான். மழைச் சத்தத்தில் அங்களுக்குக் கேட்கவே இல்லை. அவர் திருகை மூடிட்டு, "ஆச்சு, முடிஞ்சது, என்ன?"ன்னு வெளியே வந்து கையைத் துடைச்சார். எனக்கு உள்ளே சிரிப்பு முட்டிக்கிட்டு நிற்குது. மூணு வருஷமா அங்களோடயே பழகறவன், என் அண்ணன், அவனுக்கே தெரியலைன்னா அந்தக் குரல் எவ்வளவு சரியா விழுந்திருக்கணும்!

சொல்லியிருக்கலாம்தான். சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா நல்ல ஜோக்கை அங்கேயே உடைக்கக் கூடாது அண்ணே. திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், அம்மாவும் இருக்கும்போது, நடிச்சுக் காட்டிச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்.

தாமானை ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து அண்ணன் சொன்னான், "அங்கள், மிதி கொஞ்சம் தொங்குற மாதிரி இருக்கு." அங்கள் ஒரு தடவை மிதிச்சுப் பார்த்தார். "கேலிப்பர் பெருசு, பம்ப் பழசு. கொஞ்சம் தொங்கத்தான் செய்யும். ரெண்டு நாள்ல கால் பழகிடும், என்ன?"

கேட்டீங்களா? அதை நானா சொன்னேன்? அது அவர் சொந்த வாயால் சொன்னது. நாற்பது வருஷம் பிரேக் பார்த்தவர். நான் பக்கத்தில்தான் நின்னேன், என் வாய் மூடித்தான் இருந்தது. அவர் அன்னிக்கு இன்னொரு சுத்து பார்த்திருந்தா காத்து வெளியே வந்திருக்கும். பார்க்கலை. நான் அதைத்தான் எனக்கே சொல்லிக்கறேன்.

மறுநாள் ஞாயிறு. பழைய காடி வெச்சிருக்கிற கூட்டாளிங்க பன்னிரண்டு பேர் கேமரன் மலைக்குப் போனாங்க. ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? மேலே போய் டீ குடிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோதான் உள்ளே மாலை போட்டு வெச்சிருக்கு. பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். அவன் சிரிச்ச போட்டோ அது ஒண்ணுதான்.

இறங்கும்போது பின்னாடி வந்த கூட்டாளி சொன்னான். அண்ணன் காடியின் பிரேக் லைட் எரிஞ்சு அணைஞ்சு, எரிஞ்சு அணைஞ்சு, விடாம வந்ததாம். மூணு வளைவுக்கு. இவனுங்க முதல்ல அவன் ஏதோ விளையாடறான்னு நினைச்சாங்களாம். எங்க அண்ணன்! விளையாடறதாம்! அவன் மிதியை மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கான், அது தரையோட தரையா போயிக்கிட்டே இருந்திருக்கு. நாலாவது வளைவில் எதிரே ஒரு பள்ளிக்கூட வேன். இந்தப் பக்கம் பாறை. அவன் பாறையைப் பார்த்துத் திருப்பிட்டான். மோதி, ரெண்டு உருளு உருண்டது.

நான் வீட்டில் இருந்தேன். போன் வந்தப்போ, எவனோ என்கிட்டயே குரல் மாத்தி விளையாடறான்னு நினைச்சேன். "நல்லா பண்ற, ஆனா அழறது சரியா வரல"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் எல்லாம் சவரி அங்கள் தலையில்தான் விடிஞ்சது. பிரேக் பார்த்தது யாரு? சவரி. எப்போ பார்த்தான்? முந்தின நாள். போதாதா? என் மாமா பட்டறைக்குப் போய் வாசலில் துப்பிட்டு வந்தார். அங்கே நின்ன காடியெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாதி கழற்றினதைக்கூடக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போனாங்க. அடக்கத்துக்கு அங்கள் வந்தார், கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்னார், யாரும் உள்ளே கூப்பிடலை. அம்மா ஒருத்திதான் அவரை ஒண்ணும் சொல்லலை. "அவர் கை அப்படிச் செய்யாது. என்னமோ நடந்திருக்கு"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அம்மா அப்படிச் சொல்லச் சொல்ல மாமாவுக்குக் கோபம் ஏறும். நான் எழுந்து வெளியே போயிடுவேன்.

இல்லை, நான் யாரிடமும் சொல்லலை. எப்படிச் சொல்றது? அதைச் சொல்லணும்னா நடிச்சுக் காட்டித்தான் சொல்ல முடியும். துக்க வீட்டில் நடிச்சுக் காட்ட முடியுமா?

பதினாறு முடிஞ்ச மறுநாள் காலையில் அங்கள் வந்தார். பத்து மணி இருக்கும். கையில் ஒரு ஸ்பேனர், ஒரு கண்ணாடிப் போத்தல், ஒரு துண்டு ரப்பர் குழாய். மாமா ஊரில் இல்லை. கேட் பக்கத்தில் நின்னுக்கிட்டு, "ரூபன், காடியை ஒரு தடவ பாக்கணும். அம்மாட்ட கேளு, என்ன?"ன்னார். அம்மா ஜன்னலிலிருந்து தலையை அசைச்சாங்க.

அவர் முதல் சக்கரத்துக்கு அடியில் படுத்தார். அப்புறம் சொன்னார், "உள்ள உக்காரு தம்பி. மிதி மேல கால வை."

அண்ணே, அந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார முடியாது. கூரை தலையில் இடிக்கும். கழுத்தை மடக்கிக்கிட்டு உட்கார்ந்தேன். என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிச்சது. மூணு சக்கரத்துக்கு மிதிச்சு முடிச்சு, கடைசியா பின்னாடி இடது சக்கரம், இதோ இங்கே. அடியிலிருந்து குரல் வந்தது. "அமுக்கு." மிதிச்சேன். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. "அமுக்கு." மிதிச்சேன். "பிடி."

பிடிச்சேன்.

போத்தலில் குமிழ் வர்ற சத்தம் எனக்கே கேட்டது. பொளக், பொளக். அதுக்கப்புறம் "விடு" வரவே இல்லை. மிதி தரையில் கிடக்கு, என் கால் அதுக்கு மேலே. "அங்கள், எடுத்துடவா?"ன்னேன். எடுக்கவும் பயம். அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் அவர் தவழ்ந்து வெளியே வந்து போத்தலைத் தூக்கிப் பிடிச்சார்.

"காத்து."

நான் மிதியிலிருந்து காலை எடுத்தேன்.

"மத்த மூணுலயும் இல்ல. இதுல மட்டும். தொங்கும், பழகிடும்னு நானே சொன்னேன் தம்பி. மிதிச்சும் பார்த்தேன். பார்த்தும் சொன்னேன்." தரையில் உட்கார்ந்துட்டார். "திருகு திறந்திருக்கறப்ப மிதிய விட்டாத்தான் இப்படி உள்ள போகும். ஒண்ணு அவனா விட்டிருக்கணும். இல்ல, நான் அவசரப்பட்டு விடுன்னு சொல்லியிருக்கணும். மூணாவது வழி கிடையாது."

"ம்."

"அவன் சொல்லாம விடற பையன் இல்ல."

"இல்ல அங்கள்."

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். என் வாயில வந்ததா, வரலையான்னு தெரியல. மழை வேற. வயசாச்சு, என்ன? கடைசிச் சக்கரம், சீக்கிரம் முடிக்கணும்னு சொல்லிட்டேனோ? நீ பக்கத்துலதானே நின்ன. உண்மையச் சொல்லு. நான் சொன்னனா?"

நீங்க ஏன் அண்ணே ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டீங்க? கழற்றுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன், நீங்க பாட்டுக்குக் கழற்றுங்க. அந்தக் கேலிப்பரில் ஒரு குறையும் கிடையாது.

எனக்கு அப்போ என்ன தோணுச்சு தெரியுமா? மூணு பதில் இருந்தது. அண்ணன்னு சொன்னா, செத்தவன் மேலே பழி. நான்னு சொன்னா... அம்மா ஜன்னலில் நிற்கிறாங்க. அங்களைப் பார்த்தா, பழியைக் கேட்டு வாங்கிட்டுப் போகறதுக்கே வந்த மாதிரி இருந்தார். எதையாவது ஒண்ணைக் கையில் கொடுத்தா போதும்னு உட்கார்ந்திருக்கார். நான் அவருக்கு உதவித்தானே செஞ்சேன்? சொல்லுங்க.

"சொன்னீங்க அங்கள்"ன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கிட்டார். "எப்படிச் சொன்னேன்? நீதான் எல்லார் மாதிரியும் பேசுவியே. அதே மாதிரி ஒரு தடவ சொல்லிக் காட்டு."

சொல்லிக் காட்டினேன்.

தொண்டையைச் சரி பண்ணிக்கலை, தயாராகலை, அது தானா வந்தது. மூக்கு வழியா, கிணத்துக்குள்ளேயிருந்து, கடைசியில் கொஞ்சம் களைப்போட. அங்கள் ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கலை. அப்புறம் தலையை ஆட்டினார். "ஆமா. என் குரல்தான்."

எழுந்து என் தலையில் கை வெச்சார். கையெல்லாம் பிரேக் எண்ணெய். "ஊரே வாய்க்கு வந்தத பேசுது. நீ ஒருத்தனாவது உண்மையச் சொன்னியே தம்பி. நல்லா இருப்ப."

செருப்பைக் கழற்றி விட்டுட்டு உள்ளே போனார். அம்மா அதுவரைக்கும் அவரை நம்பிக்கிட்டு நின்ன ஒரே ஆள். "நான்தாம்மா. நான்தான் விடுன்னு முன்னாடியே சொல்லிட்டேன். உங்க பிள்ளையே கேட்டிருக்கான்" என்று அவர் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது அண்ணே. அந்தச் சத்தம் மட்டும் எனக்கு வராது.

நான் இங்கேயே நின்னேன். யாரிடமாவது சொல்லணும்னு இருந்தது, அதான் உங்களிடம் சொல்றேன். எத்தனையோ பேர் குரல் செஞ்சிருக்கேன். ஆனா அவர் குரலை அவருக்கே, கண்ணுக்கு நேரா, ஒரு இம்மி பிசகாமல்... அவ்வளவு நல்லா அதுக்கு முன்னாடி நான் செஞ்சதே இல்லை.